பக்க எண் வருமுன்

தூத்துக்குடியின் புதிய துறைமுகம் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட 1974ஆம் வருஷத்தில், பழைய துறைமுகத்துக்குப் போகும் பாதையை ஒட்டியிருந்த ஒரு சிறிய அச்சகத்தில் புரூஃப் பார்க்கும் வேலைக்கு நான் அமர்ந்தேன். தோணிக்காரர்களின் சரக்குச் சீட்டும், கலியாணப் பத்திரிகையும், திருவிழா நோட்டீஸும் அடித்துப் பிழைத்துவந்த அந்த அச்சகத்தில், கடற்கரை மக்களின் வழக்காறுகளையும் தொழிலறிவையும் ஆராயும் ஓர் ஏடும் அச்சாகிவந்தது. அட்டையில் ‘காலாண்டிதழ்’ என்று போட்டிருக்குமே தவிர, வருஷத்துக்கு இரண்டு இதழ் வெளிவந்தால் அதையே பத்திராதிபர் பாக்கியமாக எண்ணுவார். கல்லூரி ஆசிரியரான அவர் முதுமையினால் ஒதுங்கிக்கொண்ட பிறகு அந்தப் பாரம் மெல்ல மெல்ல என் தலைக்கு மாறிற்று. இன்னும் இறக்கிவைக்க ஆள் அகப்படவில்லை.

இதழ் தாமதமாவதற்கு எங்கள் சோம்பலே காரணமென்று சந்தாதாரர்கள் கடிதம் எழுதுவார்கள். அவர்களுக்கு ஃபாரக் கணக்குத் தெரியாது. ஃபாரத்துக்குப் பதினாறு பக்கம், நாலு ஃபாரம் சேர்ந்தால்தான் இதழ். மூன்று ஃபாரத்துக்கு விஷயம் சேர்ந்து அச்சும் அடித்த பின், நாலாவதற்குக் கட்டுரை தருவதாக வாக்களித்த பேராசிரியர் பரீட்சைத் தாள் திருத்தப் போய்விடுவாரேயானால், அடித்த தாள்கள் மடிக்கப்படாமலே மூலையில் அடுக்கிக் கிடந்து, கடற்காற்றின் ஈரத்தில் நெளிந்து, எலிக்கும் கரையானுக்கும் பயந்து நாங்கள் இரண்டு நாளைக்கு ஒருமுறை புரட்டிப்போடவேண்டிய நிலைக்கு வரும். கொழும்புக்குப் போகும் தோணி சரக்கு நிறையாமல் பாய் விரிக்குமா? முதல் மூட்டையை ஏற்றியவன் கடைசி மூட்டைக்காகக் காத்திருந்துதான் தீரவேண்டும்.

எழுத்துக் கோப்பதிலும் காத்திருப்பு உண்டு. காற்றுகளின் பெயர்களைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது: வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று அந்தந்தக் காற்றில் எந்த மீன் படும், எந்தப் பக்கம் கடல் கலங்கும் என்பதையெல்லாம் விஸ்தாரமாக எழுதியிருந்தார் ஆசிரியர். சோழகம் என்ற சொல் பக்கத்துக்குப் பத்துத் தடவை. போதாததற்கு ஆழமும் சுழலும். மூன்றாவது பக்கத்திலேயே கேஸில் ழகரம் தீர்ந்துபோயிற்று. எங்கள் அச்சுக்கோப்பாளர் சிறிதும் கலங்காமல், ழகரம் வரவேண்டிய இடங்களிலெல்லாம் வேறோர் எழுத்தைக் கவிழ்த்துச் செருகிக்கொண்டு மேலே போனார். முதற்பக்கங்களை அடித்துக் கலைத்தால் ழகரம் திரும்பக் கிடைக்கும், அப்போது கவிழ்ந்ததை எடுத்து நிமிர்ந்ததை வைக்கலாம் என்பது அவர் கணக்கு. வைத்தார், ஒன்றே ஒன்றை மட்டும் அவரும் மறந்தார், நானும் பார்க்கவில்லை. கவிழ்ந்த எழுத்தின் அடிப்பாகம் பதிந்த கரும்புள்ளியோடு அந்த இதழ் இன்றும் சில நூலகங்களில் இருக்கிறது.

எங்கள் தாமதம் எவ்வளவு கொடியது என்பதை நான் உணர்ந்தது 1980ஐ ஒட்டிய வருஷங்களில். 1955 முதல் 1961 வரை ஆண்டுதோறும் நடந்த முத்துக்குளிப்புகளில் கடலில் இறங்கிய ஒரு குளியாள், அதற்குப் பின் இக்கரையில் முத்துக்குளிப்பே நடைபெறாமையால் சங்கு குளித்தும் பின்பு அதையும் விட்டும், திரேஸ்புரத்தில் மகன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். கல்லைக் கட்டிக்கொண்டு இறங்குகையில் எத்தனையாவது பாக ஆழத்தில் காது அடைக்கும், காலில் படும் தரை பார் என்னும் பாறைத்திட்டா மணலா என்பதைக் கண்ணுக்கு முன்னே குதிகால் எப்படி அறியும், நீவாடு மாறும்போது கயிறு பிடிப்பவனின் கைக்கு என்ன தெரியும் என்றெல்லாம் அவர் சொல்லச் சொல்ல எங்கள் ஆராய்ச்சி மாணவர் ஒருவர் எழுதினார். திருத்திய படியோடு நான் ஒருமுறை போயிருந்தேன்.

“தம்பி, நான் சொன்னது பொஸ்தகத்துல எப்பம் வரும்?”

“மாதா திருவிழாவுக்குள்ள வந்துரும் தாத்தா.”

“எந்த வருசத்துத் திருவிழா?”

அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். பனிமய மாதா திருவிழா ஆகஸ்ட் 5ஆம் தேதி வரும், அது தவறாது. எங்கள் இதழ் இரண்டு திருவிழா கழித்து வந்தது. தனிப்படிகள் பத்தை எடுத்துக்கொண்டு போனபோது திண்ணை காலியாக இருந்தது. மகனுக்கு எழுத்து வாசனை அதிகமில்லை. பேத்தி சத்தமாக வாசித்தாள். ஓரிடத்தில் மகன், “நிப்பாட்டு. அப்பா ‘நீவாடு’ன்னுல்ல சொல்லுவாரு? இது என்ன நீரோட்டம்?” என்றார். அதை ‘நீரோட்டம்’ என்று மாற்றியவன் நான். கொச்சை நீக்கிச் செந்தமிழாக்குவது புரூஃப் பார்ப்பவனின் தர்மமென்று அக்காலத்தில் எனக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது. நீரோட்டம் எந்தத் தண்ணீரிலும் உண்டு. வாநீவாடு, சோநீவாடு என்று திசையும் பருவமும் சேர்த்து ஒரு குளியாள் சொல்லும்போது அதிலே அவன் உயிர் பிழைத்த கதை இருக்கிறது. அச்சான பின் என்ன செய்வது? அடுத்த இதழில் பிழைதிருத்தம் போட்டோம். அடுத்த இதழ் ஒன்பது மாதம் கழித்து வந்தது.

இக்கரையைப் பற்றிய கல்வி அச்சேறிய வரலாறே விசித்திரமானது. கொல்லத்தில் 1578இல் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சிட்ட அண்ட்ரிக் அடிகளார் வாழ்ந்ததும் உழைத்ததும் இந்த முத்துக்குளித்துறையில்தான். 1586இல் வந்த அவருடைய ‘அடியார் வரலாறு’ புன்னைக்காயலில் அச்சானதாகச் சொல்லப்படும். அவருக்கு முன்பே, 1542இல் இங்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், ஜெபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து மனனமாக்கி, மணியடித்துக் கூட்டிய ஜனங்களுக்கு வாய்ப்பாடமாகச் சொல்லிக்கொடுத்தார். ‘விசுவசிக்கிறேன்’ என்று வரவேண்டிய இடத்தில் ‘வேணும்’ என்ற சொல் விழுந்திருப்பதைப் பிறகு அறிந்து, அதை மாற்றும்படி 1544இல் தம் தோழருக்குக் கடிதம் எழுதினார். இக்கடற்கரையின் முதல் பிழைதிருத்தம் அதுவென்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. வாயால் பரவிய பிழையை வாயாலேயே மாற்றிவிடலாம். ஈயத்தில் வார்த்ததற்கு அந்தச் சலுகை இல்லை.

பின்பு பரதவரைப் பற்றிக் கற்பிட்டியைச் சேர்ந்த சைமன் காசிச்செட்டி எழுதிய கட்டுரை 1837இல் லண்டன் ராயல் ஏசியாடிக் சொஸைட்டியின் சஞ்சிகையில் வந்தது. ஜேம்ஸ் ஹார்னெல் சங்கைப் பற்றி 1914இலும், மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பைப் பற்றி 1922இலும் சென்னை மீன்வளத் துறையின் வெளியீடுகளாகப் பெரும் நூல்கள் எழுதினார். தொல்லாயிரம் பார், நாகரைப் பார், குடமுத்துப் பார் என்று எங்கள் தாத்தாக்கள் வாயில் வழங்கிய பெயர்களெல்லாம் அவற்றில் ஆங்கில எழுத்தில் ஏறின. உண்மையான உழைப்பு, அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் படகில் கூட்டிக்கொண்டுபோய் இதுதான் பார் என்று காட்டியவன் அந்த நூலைக் கண்ணால் பார்த்திருப்பானா? சுதேசி என்ற சொல்லைப் பெயரிலேயே ஏற்றி 1906இல் கப்பல் கம்பெனி கண்ட வ.உ.சி.யின் ஊர் இது. பரதவர் சர்க்கார் அட்டவணையில் பழங்குடிகள் அல்லர். ஆயினும் சங்க காலத்துக் கொற்கை முதல் இதே தண்ணீரில் இதே தொழில் செய்துவந்தவர்களுடைய அறிவைச் சுதேச வித்தை என்று சொல்லாமல் வேறென்னவென்று சொல்வது?

விஞ்ஞானிகளுக்கு இந்தக் காத்திருப்பு இவ்வளவாக இல்லை என்பதையும் நான் பக்கத்திலிருந்தே பார்த்தேன். இங்குள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தில் 1973 ஜூலையில் டாக்டர் அழகர்சுவாமி சிப்பியில் வளர்ப்பு முத்தை விளைவித்தார். மறு வருஷமே ‘கரண்ட் சயின்ஸ்’ சஞ்சிகையில் மூன்று பக்கத்தில் அது அச்சாகிவிட்டது. முந்திச் சொன்னவருக்கே கீர்த்தி என்பதனால் அவர்களுக்குக் குறுங்குறிப்பு என்றொரு வழி திறந்திருந்தது. சிப்பியின் குணத்தைத் தலைமுறை தலைமுறையாக அறிந்தவனின் சொல்லுக்கு அப்படி வழியொன்றுமில்லை. முந்திச் சொல்லவேண்டிய அவசரம் அவனுக்கு ஏன் என்றே எல்லோரும் நினைத்தோம். அவன் வயதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

ஈய எழுத்து போய்க் கணினி வந்த கதையை நீட்டவேண்டாம். எல்லா அச்சகத்திலும் நடந்ததுதான். கஷ்டமெல்லாம் எழுத்துருவில் இருந்தது. நாங்கள் ஒரு எழுத்துருவில் அடித்த பக்கம் இன்னொருவர் கணினியில் பூச்சி பூச்சியாகத் தெரியும். 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டுக்குப் பின் ஒரு தரம் ஏற்பட்டது. பின்பு யூனிகோடு வந்தது, 2010இல் தமிழ்நாடு அரசும் அதை ஏற்றது. அதற்குப் பிறகுதான், நாலு ஃபாரம் சேரும் வரை காத்திராமல், ஏற்றுத் திருத்தி முடித்த கட்டுரையை அன்றைக்கே இணையத்தில் ஏற்றிவிட்டு, இதழ் வரும்போது அதில் சேர்த்துக்கொள்ளலாமே என்ற யோசனை எங்களுக்கு வந்தது. ‘முன்வெளியீடு’ என்று பெயர் வைத்தோம். உலகத்தில் பெரிய சஞ்சிகைகள் அதற்கு முன்பே செய்துவந்த காரியம். நியூசிலாந்தில் மாவோரி அறிஞர்கள் 2005இல் தொடங்கிய ‘ஆல்டர்நேட்டிவ்’ என்ற பூர்வகுடி ஆய்வேடும் இப்போது இதழுக்கு முன்பே கட்டுரைகளை இணையத்தில் ஏற்றிவருகிறது.

செய்துபார்த்தால்தான் அதன் சிக்கு தெரியும். கட்டுரை வந்த நாள், ஏற்ற நாள், இணையத்தில் ஏறிய நாள் என்று மூன்று தேதியும் தலைப்பின் கீழே இருக்கவேண்டும். ஏறிய பின் ஒரு புள்ளியை மாற்றினாலும், சத்தமில்லாமல் மாற்றாமல், இன்ன தேதியில் இன்னது மாற்றப்பட்டது என்று எழுதிவைக்கவேண்டும். இல்லையேல் முதலில் வாசித்து மேற்கோள் காட்டியவன் பொய்யனாகிவிடுவான். டி.ஓ.ஐ. என்கிற நிரந்தர எண்ணுக்கு வருஷந்தோறும் பணம் கட்டவேண்டும். எங்கள் சந்தாவில் அதற்கு வழியில்லாமல் சில வருஷம் எண்ணில்லாமலே நடத்தினோம். 2014 டிசம்பரில் ஏறிய கட்டுரை 2016 இதழில் அச்சாகும். மேற்கோளில் எந்த வருஷம் போடுவது? நம்மவர்களுக்குப் பள்ளிக்கூடத்துப் பிறந்த தேதி ஒன்று, உண்மையில் பிறந்த தேதி ஒன்று இருப்பதுபோல, கட்டுரைக்கும் இரண்டு.

பெரிய தொல்லை பக்க எண்ணால் வந்தது. இதழ் கட்டும்போதுதான் பக்க எண் பிறக்கும். முன்வெளியீட்டில் அது கிடையாது. ஓர் ஆராய்ச்சி மாணவியின் வாய்மொழித் தேர்வில், பக்க எண் இல்லாத கட்டுரை கட்டுரையே அல்ல என்று தேர்வாளர் ஒருவர் சாதித்துவிட்டாராம். அந்தப் பெண் கண்கலங்கிக்கொண்டு வந்து, “ஐயா, சும்மா ஒரு நம்பர் போட்டுக் குடுங்களேன்” என்று கெஞ்சியது. போடவில்லை. போட்டிருக்கலாமோ என்று இன்றைக்கும் சில சமயம் தோன்றும். சில வருஷத்துக்குப் பின், பதவி உயர்வுக்கான புள்ளிக் கணக்கோடு யு.ஜி.சி. அங்கீகரித்த ஏடுகளின் பட்டியலும் சேர்ந்துகொண்டது. பக்க எண்ணை வேதமென்று சொன்னவர்களே, “நேர்முகம் திங்கட்கிழமை, கட்டுரையை நாளைக்கே ஏற்றிவிடுங்கள்” என்று தொலைபேசியில் அவசரப்படுத்தலானார்கள். கடற்கரைக் கிழவரின் வயசுக்காக நாங்கள் திறந்த வழியில், புள்ளிக்காக வந்தவர்கள் முட்டி மோதிக்கொண்டு நின்றார்கள்.

அந்த அவசரத்தில்தான் நான் பெரிய தவறு செய்தேன். கரை அடையாளங்களை வைத்துக் கடலில் இடம் காணும் வித்தையைப் பற்றி நேர்த்தியான கட்டுரை ஒன்று வந்தது. குமரிப் பக்கத்தில் அதைக் கணியம் என்பார்கள். கரையில் ஒரு கோபுரத்தையும் ஒரு பனைக்கூட்டத்தையும் ஒரே கோட்டில் வைத்து, வேறொரு திசையில் ஒரு விளக்குக் கம்பத்தையும் ஒரு மேட்டையும் இன்னொரு கோட்டில் வைத்தால், இரண்டும் வெட்டிக்கொள்கிற இடத்தில் பார் இருக்கும். வித்தையை விளக்குவதற்காகக் கட்டுரையாளர் ஒரு சின்னப் பாரின் அடையாளங்களை அப்படியே கொடுத்திருந்தார். முத்துப் பார்களெல்லாம் சர்க்கார் வரைபடத்தில் நூறு வருஷமாக இருப்பவை. அவற்றில் இரகசியம் ஒன்றுமில்லை. இது அப்படியன்று; கலவாவும் விளமீனும் அடையும் ஒரு துண்டுப் பார், இரண்டு குடும்பங்களுக்கு மட்டும் தெரிந்தது. கட்டுரையாளர் அனுமதி வாங்கியிருந்தார். வாங்கியபோது ‘பொஸ்தகத்துல போடுவோம்’ என்று சொல்லியிருந்தார். பொஸ்தகம் என்றால் அந்தக் குடும்பத்தாருக்கு முந்நூறு படி, எங்கோ நூலகத்தில், யாரும் திறக்காத ஒரு சாமான். நான் வெள்ளிக்கிழமை மாலை ஏற்றினேன்.

ஆறு வாரம் கழித்து நடுவயதுக்காரர் ஒருவர் அலுவலகத்துக்கு வந்தார். சத்தம் போடவில்லை. கைப்பேசியில் எங்கள் கட்டுரையைக் காட்டினார். அந்த அடையாளப் பகுதியை மட்டும் யாரோ வெட்டி எடுத்து ஊர் ஊராகச் செய்தியில் அனுப்பியிருந்தார்கள். “எங்க அப்பா சாவப்போறப்ப எனக்கு மட்டுந்தான் சொன்னாரு. எந் தம்பிக்குக்கூடச் சொல்லல. இப்பம் போய்ப் பாத்தா, அங்க எட்டு வள்ளம் நிக்கி.” நாற்காலியில் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அன்றே அந்தப் பகுதியை எடுத்தோம், எடுத்ததற்குக் குறிப்பும் எழுதினோம். பரவிய பிரதியை யார் எடுப்பது? ஃபாரம் சேரக் காத்திருந்த காலமாயிருந்தால் எட்டு மாதமாவது அந்தக் கட்டுரை மேசையில் கிடந்திருக்கும். அதற்குள் எவராவது ஒருவர், கட்டுரையாளரோ அவருடைய மனைவியோ, இது வேண்டாமே என்று சொல்லியிருக்கக்கூடும். அந்த நெளிந்த தாள்களை நான் அன்றைக்கு முதல்முறையாக மரியாதையோடு நினைத்தேன்.

அதன்பின் ஒரு வழக்கம் வைத்தோம். யாருடைய வாய்மொழி கட்டுரையில் இருக்கிறதோ அவருடைய வீட்டுக்குப் போய், இறுதிப் புரூஃபை முதலிலிருந்து கடைசி வரை சத்தமாக வாசித்துக்காட்டிய பிறகே ஏற்றுவது. பூர்வகுடிகளின் தரவை யார் ஆளுவது என்பதற்கு 2019இல் ‘கேர்’ என்று நெறிகள் வகுத்திருக்கிறார்கள். ‘லோக்கல் கான்டெக்ஸ்ட்ஸ்’ என்பவர்கள் பாரம்பரிய அறிவுக்கென்று அடையாளச் சீட்டுகள் தயாரித்திருக்கிறார்கள், குறிப்பிட்ட பருவத்தில் மட்டுமே பகிரத்தக்கது என்று சொல்லும் சீட்டுகூட அதில் உண்டு. நல்ல ஏற்பாடுகள்தாம், எங்கள் பக்கத்திலும் அவை வரட்டும். ஆனால் சீட்டு ஒட்டுவது காகிதத்தோடு முடிந்துபோகிற காரியம். வாசித்துக்காட்டும்போது நடப்பது வேறு. வலை பின்னிக்கொண்டே கேட்பவர், வேண்டாத இடம் வந்ததும் ஊசியை நிறுத்துவார். அவர் வாய் திறக்குமுன் எனக்குத் தெரிந்துவிடும். சில சமயம் எதிர்பாராதது வரும். சிப்பி பொறுக்கும் பெண்களைப் பற்றிய கட்டுரையை வாசித்தபோது, ஒரு ஆச்சி, “என் பேர ஏன் மறைச்சீக? நாஞ் சொன்னதுக்கு எம் பேரப் போடு” என்றார். மறைப்பதுதான் நாகரிகம் என்று கல்லூரியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். போட்டோம். ‘நீவாடு’ இப்போது ‘நீவாடு’ என்றே ஏறுகிறது.

இதனால் முன்வெளியீட்டின் வேகம் குறைந்துபோனது உண்மை. பெரிய ஏடுகள் பத்து நாளில் ஏற்றுவதை நாங்கள் இரண்டு மாதத்தில் ஏற்றுகிறோம். புள்ளிக்காக வந்த கூட்டமும் அதனால் கலைந்தது. அது எங்களுக்கு நஷ்டமென்று நான் எண்ணவில்லை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பக்கத்தார் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. எங்கள் இதழ் அப்போதுதான் அச்சாகி பைண்டிங்குக்குப் போயிருந்தது. நாலு நாள் கழித்துத் தண்ணீர் வடிந்தபோது, கட்டுகளெல்லாம் ஊறி ஒன்றோடொன்று ஒட்டிக் கல்லாகியிருந்தன. பிரிக்க முயன்றால் எழுத்து எதிர்ப்பக்கத்தோடு வந்தது. மறுபடி அடிக்கப் பணமில்லை. அந்த ஏழு கட்டுரைகளும் முன்வெளியீடாகவே நின்றுவிட்டன. ஒவ்வொன்றின் தலையிலும் ‘பக்க எண் பின்னர்’ என்று இன்றும் இருக்கிறது. கேட்பவர்களுக்கு அப்படியே மேற்கோள் காட்டுங்கள் என்று எழுதிவிடுகிறேன்.

சென்ற வாரம் இன்னொரு கட்டுரை தயாராயிற்று, தோணி கட்டுவதைப் பற்றியது. சொன்னவருக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. அதனால் இந்தமுறை விரைந்து முடிக்கவேண்டுமென்று எனக்கே ஒரு பதற்றம். வாசித்துக்காட்ட எப்போது வரலாமென்று கேட்க வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினேன். அவருடைய மனைவி எடுத்தார்.

“அவுக மக வீட்டுக்கு மணப்பாட்டுக்குப் போயிருக்காக. வர ரெண்டு வாரம் ஆவும்.”

“அங்கேயே போய் வாசிச்சுரட்டுமா அக்கா?”

“எதுக்கு? நான் கேக்க வேண்டாமா? வரட்டும், பொறுங்க.”

கட்டுரை மேசையில் இருக்கிறது.